இருகை வாளும் வேண்டும், ஹீலராகவும் வேண்டும்: எந்த கிளாஸைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து வார இறுதிகளில் மட்டும் ஓர் ஆன்லைன் ஃபேன்டசி விளையாட்டைத் தொடங்கப் போகிறோம். பெரிய இருகை வாளோடு முன்னால் நின்று சண்டையிட வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் ஹீலராக, அதாவது சண்டையில் நண்பர்களைக் குணமாக்குபவராக இருக்க மற்ற மூவருக்கும் விருப்பமில்லை; என்னைக் கேட்கிறார்கள். கிளாஸ் (தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கும் பாத்திர வகை) என்ற கட்டுப்பாடே இல்லாத விளையாட்டாகப் பார்த்துச் சேர்ந்தால், பிற்பாடு விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாமா? இருகை வாள் உண்மையிலேயே வலிமையானதா, வேகமான சிறு ஆயுதங்கள் மேலா?

பதில்: உங்கள் ஆசை, நண்பர்களின் தேவை இரண்டையும் ஒரே பாத்திரத்தில் நிறைவேற்றலாம். நான் சொல்லும் வழி இது: எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் என்ற விளையாட்டு, அதில் டெம்ப்ளர் கிளாஸ், முதல் ஆயுதமாக இருகை வாள், இரண்டாவதாகக் குணமாக்கும் ரெஸ்டோரேஷன் கோல். காரணத்தையும் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் வேறு விளையாட்டில் சேர முடிவு செய்தாலும் அந்தக் கணக்கு உதவும்.

கிளாஸ் இல்லாவிட்டால் எதையும் எப்போதும் மாற்றலாம் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படியல்ல. ஆன்லைன் ஃபேன்டசி விளையாட்டுகள் ஒருவரைக் கட்டிப்போடும் இடங்கள் மூன்று. ஒன்று, கிளாஸ். இரண்டு, லெவல் ஏற ஏற நாம் பிரித்துப் போடும் பண்புப் புள்ளிகள். மூன்று, அணியும் கவசமும் பிடிக்கும் ஆயுதமும். முதலாவது தொடக்கத் திரையிலேயே கண்ணில் படுவதால் எல்லோரும் அதற்குத்தான் அஞ்சுகிறார்கள். வார இறுதியில் மட்டும் விளையாடுபவரின் நேரத்தைத் தின்பதோ மூன்றாவதுதான்.

2021-இல் வெளியான நியூ வேர்ல்டில் கிளாஸே கிடையாது. கையில் உள்ள இரண்டு ஆயுதங்களே நீங்கள் யார் என்பதைத் தீர்மானிக்கும். ஆனால் அதில் இருகை வாள் தரும் சேதம் ‘வலிமை’, ‘சுறுசுறுப்பு’ ஆகிய பண்புகளைச் சார்ந்தது; குணமாக்கும் கோலின் ஆற்றல் ஃபோகஸ் என்ற வேறொரு பண்பைச் சார்ந்தது. புள்ளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் வாளும் மழுங்கும், கோலும் மழுங்கும். சுதந்திரம் இருக்கிறது, ஆனால் உங்களுடைய இந்தக் குறிப்பிட்ட ஆசைக்கு அது உதவாது. புதிய உள்ளடக்கம் தருவதை 2025-இல் நிறுத்திவிட்டதாலும், இப்போது தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

கிளாஸை மாற்றவே முடியாத வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதற்கு நேர்மாறான பாடம். அதன் பாலடின் ஒரே கிளாஸுக்குள் டேங்க் (எதிரியின் அடிகளைத் தாங்கி நிற்பவர்), ஹீலர், தாக்குபவர் என மூன்று வேலைகளையும் செய்யலாம்; ட்ரூயிட் நான்கு வகையாக மாறலாம். 2014-க்குப் பிறகு, கவசத்தில் உள்ள முதன்மைப் பண்பு நீங்கள் தேர்ந்தெடுக்கும் பணிக்கு ஏற்பத் தானாக மாறிக்கொள்கிறது. ஆனாலும் ஆயுதம் தனித்தனிதான்: தாக்கும் பாலடினுக்கு இருகை வாள், குணமாக்கும் பாலடினுக்கு ஒருகை ஆயுதமும் கேடயமும். ஒவ்வொரு பருவத்திலும் கருவிகளின் தரம் உயர்ந்துகொண்டே போகும். இரண்டு ஆயுதங்களையும் அந்த ஓட்டத்துக்கு ஈடாக வைத்திருக்க வார இறுதி நேரம் போதாது. தவிர, அங்கே டஞ்சனுக்குள் (குழுவாக நுழைந்து சண்டையிடும் இடம்) செல்லும் குழு ஐந்து பேர் கொண்டது. ஒவ்வொரு முறையும் ஒரு வெளியாளைத் தேட வேண்டியிருக்கும்.

ஃபைனல் ஃபேன்டசி 14 நால்வர் குழுவுக்குப் பொருந்தும். ஒரே பாத்திரம் எல்லாப் பணிகளையும் கற்கலாம். ஆயுதத்தை மாற்றினால் பணியும் மாறும். கதையை மறுபடி தொடங்க வேண்டியதில்லை. கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி லெவல். இருகை வாள் ஏந்தும் டார்க் நைட், ஏதாவது ஒரு பணியில் 50ஆம் லெவலை எட்டிய பிறகுதான் கிடைக்கும். கிடைத்தாலும் அது டேங்க் பணி. வாள் கையில் இருக்கும்வரை நீங்கள் அங்கே ஹீலராக முடியாது. சண்டைக்கு நடுவே மாற்றிக்கொள்ளவும் முடியாது. கில்ட் வார்ஸ் 2 இந்த விஷயத்தில் தாராளமானது: திறன் பட்டையின் முதல் ஐந்து திறன்களை ஆயுதமே தருகிறது, பெரும்பாலான கிளாஸ்கள் சண்டையிலேயே இரண்டு ஆயுதத் தொகுப்புகளுக்கிடையே மாறலாம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒத்துவராவிட்டால் அதன் கார்டியன் கிளாஸைப் பாருங்கள். அடிப்படை விளையாட்டு இலவசம்.

இனி வாளுக்கு வருவோம். ஓர் ஆயுதம் நொடிக்கு ஒரு முறை 100 சேதம் தருகிறது, இன்னொன்று 3.6 நொடிக்கு ஒரு முறை 360 தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக் கணக்கில் இரண்டும் சமம். எதிரியின் உயிர் 350 என்றால், மெதுவான ஆயுதம் முதல் வீச்சிலேயே முடித்துவிடும். வேகமானதற்கு நான்கு வீச்சுகள், அதாவது முதல் அடியிலிருந்து மூன்று நொடிகள் தேவை. எதிரியின் உயிர் 400 என்றால் நிலைமை தலைகீழ்: வேகமானது அதே மூன்று நொடிகளில் முடிக்கும், மெதுவானது இரண்டாம் வீச்சுக்காக 3.6 நொடி காத்திருக்கும். அந்த வீச்சின் பெரும்பகுதி வீண். கவசம் ஒவ்வோர் அடியிலும் நிலையாக 30 சேதத்தைக் கழிக்கும் விளையாட்டானால், 100 சேத ஆயுதம் 30 சதவீதத்தை இழக்கிறது; 360 சேத ஆயுதம் சுமார் 8 சதவீதத்தை மட்டுமே இழக்கிறது. கவசம் சதவீதமாகக் கழிக்கும் விளையாட்டில் இந்த வேறுபாடே இல்லை. விஷம் தடவுவது போல, அடி பட்டாலே நிகழும் விளைவுகளுக்கு வேகமான ஆயுதம் நல்லது. ஆகவே எது வலிமையானது என்பதற்கு எல்லா விளையாட்டுக்கும் பொதுவான விடை இல்லை. கவசம் எப்படிக் கழிக்கப்படுகிறது என்று முதலில் தேடிப் பாருங்கள். பாதி விடை அங்கே கிடைக்கும். ஹீலருக்கு இன்னொரு கவலையும் உண்டு. நீண்ட வீச்சின் நடுவே நண்பரின் உயிர் சரிந்தால், அந்த வீச்சை உடனே முறித்துக் குணமாக்க முடிகிறதா? முடியாத விளையாட்டில் ஹீலர் கனமான ஆயுதத்தைத் தொடவே கூடாது.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் எந்த கிளாஸும் எந்த ஆயுதத்தையும் ஏந்தலாம். டெம்ப்ளர் கிளாஸின் குணமாக்கும் திறன்கள் கிளாஸைச் சேர்ந்தவை, ஆயுதத்தைச் சேர்ந்தவை அல்ல. உங்கள் கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது: கையில் இருகை வாள் இருக்கும்போதே நண்பரின் உயிரை மீட்கலாம். குழு தேடும் வசதி வழியாக 10ஆம் லெவலில் டஞ்சன்கள் திறக்கும். இரண்டாம் ஆயுதம் 15ஆம் லெவலில்தான் கிடைக்கும். அதுவரை ஐந்து திறன்களில் ஒன்றை, ரஷ்டு செரிமனி என்ற திறனுக்கு ஒதுக்கிவிடுங்கள். உங்களையோ முன்னால் நிற்பவர்களில் உயிர் மிகக் குறைந்தவரையோ அது உடனே குணமாக்கும்.

இருகை ஆயுதங்களில் வாள், கோடரி, சம்மட்டி மூன்றும் ஒன்றல்ல. சம்மட்டி எதிரியின் கவசத்தை ஊடுருவும், கோடரி கிரிட்டிகல் அடியின் (அவ்வப்போது தற்செயலாக விழும் கூடுதல் சேத அடி) சேதத்தைக் கூட்டும். வாள் தருவது பொதுவான ஆயுத, மந்திர வலிமை. குணமாக்கும் அளவும் இந்த வலிமையிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. கவசத்தை ஊடுருவி நண்பரைக் குணமாக்க முடியாது அல்லவா? ஆகவே உங்கள் ஆசை இங்கே சரியான தேர்வாகவும் அமைந்துவிடுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. இருகை வாள் திறன்கள் ஸ்டாமினா என்ற உடல் ஆற்றலைச் செலவழிக்கும், குணமாக்குவது மேஜிக்கா என்ற மந்திர ஆற்றலைச் செலவழிக்கும். பண்புப் புள்ளிகளைப் பெரும்பாலும் மேஜிக்காவில் போடுங்கள். வலிமைக் கணக்கு இரண்டில் உயர்ந்ததையே எடுத்துக்கொள்வதால் வாளின் அடி குறைந்துவிடாது. வாள் திறன்களை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேஜிக்கா தீரும்போது கோலுக்கு மாறி முழுமையாக ஏற்றிய கனத்த தாக்குதலைச் செய்தால் அது கொஞ்சம் திரும்பி வரும்.

கருவிகளைப் பற்றிய நல்ல செய்தி: இங்கே அவற்றின் உச்சத் தரம் சாம்பியன் 160 (சாதாரண லெவல்கள் முடிந்தபின் சேரும் சாம்பியன் புள்ளிகளில் 160). பல ஆண்டுகளாக அது உயரவே இல்லை. ஒரு மாதம் விளையாடாமல் இருந்து திரும்பினாலும் சேர்த்துவைத்த வாள் பழசாகியிருக்காது. அந்த நிலையை எட்டும்வரை எந்தக் கருவிக்கும் தங்கத்தைச் செலவிடாதீர்கள். வழியில் கிடைப்பதை அணிந்துகொண்டே போங்கள்.

கடினமான வெட்டரன் டஞ்சன்களில் மட்டும் இந்த அமைப்பு போதாது. அங்கே ஹீலர்கள் வழக்கமாக ஒரு ரெஸ்டோரேஷன் கோலோடு மின்னல் அல்லது பனிக் கோலை வைத்திருப்பார்கள். அந்த நாட்களில் வாளை இறக்கி வைக்கத்தான் வேண்டும். மற்ற எல்லா இடங்களிலும் வாளோடு சமாளிக்கலாம்.

உங்கள் கேள்வியில் டேங்க் யார் என்பது இல்லை. நால்வர் டஞ்சன் ஒரு டேங்க், ஒரு ஹீலர், இரண்டு தாக்குபவர்கள் என்ற கணக்கில் அமைந்தது. ஹீலர் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் உங்கள் நண்பர்கள் இதை மறந்துவிடக் கூடாது. மூவரில் ஒருவர் இரண்டாம் ஆயுதமாக ஒருகை வாளும் கேடயமும் வைத்துக்கொள்ளட்டும். அந்த ஆயுதத்தின் திறன் வரிசையில் உள்ள பஞ்சர் என்ற திறன் எதிரியின் கவனத்தை 15 நொடிகள் தன்மேல் இழுத்து வைக்கும். பெரிய எதிரியின்மேல் அதை முடியுமுன் மீண்டும் மீண்டும் போட்டுக்கொண்டே இருந்தால், சாதாரண டஞ்சன்களுக்கு அந்த அளவு டேங்க் வேலை போதும்.