வெள்ளிக் கோளில் பலூன் பறந்தது உண்மைதான்

‘விண்வெளியில் காற்றே கிடையாது, அப்புறம் வேறு கோளில் பலூன் எப்படிப் பறக்கும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களை மடக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இதே கேள்வியால்தான் என் மகளையும் மடக்கினார்கள்.

அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, சோவியத் ஒன்றியம் வெள்ளிக் கோளில் பறக்கவிட்ட வேகா பலூனைப் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்தாள். அசல் பலூனின் விட்டம் சுமார் மூன்றரை மீட்டர். கருவிப் பெட்டி அதிலிருந்து 13 மீட்டர் கீழே தொங்கியது. அதனால் அவளுக்கு 1.3 மீட்டர் நூல் தேவைப்பட்டது. மேசையில் வைக்க வழியில்லாமல் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தாள். நடுவர் பார்த்துவிட்டு, “காத்தே இல்லாத இடத்துல பலூனா?” என்று சிரித்தார். “வெள்ளியில காத்து இருக்கு சார்” என்றாள். அதற்குள் அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அவள் சொன்னதுதான் சரி. வெற்றிடம் கோள்களுக்கு இடையில்தான். வெள்ளியின் தரையில் காற்றழுத்தம் நம்மைப் போல் 90 மடங்கு, வெப்பம் 460 டிகிரி. ஆனால் 54 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் இங்குள்ளதில் பாதி, வெப்பமும் நம் ஊர் வெயில் அளவுதான். அங்குள்ள காற்று பெரும்பாலும் கரியமில வாயு. கனமானது என்பதால் ஹீலியம் நன்றாகவே மிதக்கும். சோவியத் ஒன்றியம் 1985 ஜூனில் அந்த உயரத்தில்தான் இரண்டு பலூன்களை விட்டது. மேகங்களில் கந்தக அமிலம் இருப்பதால் டெஃப்ளான் பூச்சு. பல நாட்டு ரேடியோ தொலைநோக்கிகள் அவற்றின் சிக்னலைப் பின்தொடர்ந்துதான் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டன: மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர். பக்கவாட்டில் மட்டும் அல்ல, மேலும் கீழுமாகவும் காற்று பலூன்களைத் தூக்கிப் போட்டது. மேகத்துக்குள்ளேயே மிதந்த கருவியால்தான் இதை இவ்வளவு நேரம் அளக்க முடிந்தது.

பெற்ற பாசத்தில் எழுதுகிறேன் என்று யாராவது பின்னூட்டம் போடலாம். நடுவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. “எங்கம்மா படிச்ச?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். முதல் பரிசு வாங்கிய எரிமலை, கடையில் பெட்டியோடு விற்கிற மாடல். காசு கொடுத்து வாங்கியதற்குப் பரிசு தருவது எந்த ஊர் நியாயம்?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பலூன்கள் ஒவ்வொன்றும் சுமார் 46 மணி நேரம் தகவல் அனுப்பின. அதற்குள் 11,000 கிலோமீட்டருக்கு மேல் போயிருந்தன. நின்றது பேட்டரி தீர்ந்ததால்தான், காற்று இல்லாததால் அல்ல.