வாசகர் கேள்வி – பதில்: ஆயிரம் கெஜத்துக்கு எந்தத் தோட்டா?

? மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து, ஆயிரம் கெஜத்தில் சுடும் எஃப்-கிளாஸ் (துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துப் படுத்தபடி சுடும்) போட்டிக்குத் தயாராகிறான். .308 தோட்டாவுக்கான துப்பாக்கி வாங்கு என்று ஒருவரும், 6.5 கிரீட்மூர்தான் சரி என்று இன்னொருவரும் சொல்கிறார்களாம். எதை வாங்கச் சொல்லட்டும்?
— ஓர் அப்பச்சி, கானாடுகாத்தான்

எந்தப் பிரிவில் சுடப்போகிறார் என்று தம்பியிடம் முதலில் கேளுங்கள். எஃப்-டிஆர் பிரிவில் .308 வின்செஸ்டர், .223 ரெமிங்டன் இரண்டுக்கு மட்டுமே இடம். அங்கே கிரீட்மூரைக் கொண்டுபோனால் சுட விடமாட்டார்கள். எஃப்-ஓப்பனில் சுடலாம். ஆனால் அங்கே பக்கத்தில் படுத்திருப்பவர் .284 வின்செஸ்டரில் 180 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டைப் போட்டுச் சுடுவார். அவர் முன்னால் கிரீட்மூர் சற்று இளைத்ததுதான். துப்பாக்கி எடையிலும் வரம்பு உண்டு: டிஆரில் இருகாலியோடு (முன்னால் மாட்டும் இரண்டு கால் தாங்கி) சேர்த்து 8.25 கிலோ, ஓப்பனில் 10 கிலோ.

பிரிவை மறந்துவிட்டுத் தோட்டாவை மட்டும் பார்த்தால் கிரீட்மூர்தான் மேல். .308-இல் 175 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2600 அடி வேகத்திலும், கிரீட்மூரில் 140 கிரெய்ன் குண்டு 2710 அடி வேகத்திலும் கிளம்புவதாக வையுங்கள். குறுக்கே மணிக்கு 10 மைல் காற்று அடித்தால் 1000 கெஜத்தில் .308 ஏறக்குறைய 97 அங்குலம் ஒதுங்கும். கிரீட்மூர் 63 அங்குலத்தோடு நிற்கும். மெலிந்து நீண்ட குண்டு, காற்றை எளிதாகக் கிழித்துப் போகிறது. வேகமும் குறைவாகவே இழக்கிறது.

ஆனால் இலக்கையும் கொஞ்சம் பாருங்கள். அமெரிக்க எஃப்-கிளாஸ் இலக்கில் 1000 கெஜத்துக்குப் பத்து வளையத்தின் விட்டம் 10 அங்குலம், அதற்குள் எக்ஸ் வளையம் 5 அங்குலம், வெளியே ஒன்பது 20 அங்குலம், எட்டு 30 அங்குலம். நடுவிலிருந்து 5 அங்குலம் தள்ளினாலே பத்து போச்சு. காற்றை ஒரே ஒரு மைல் தப்பாகக் கணித்தால் .308 பத்து அங்குலமும் கிரீட்மூர் ஆறரை அங்குலமும் விலகும், இரண்டுமே ஒன்பதுதான். இரண்டு மைல் தப்பினால் .308-க்கு ஏழு, கிரீட்மூருக்கு எட்டு. ஆக, நல்ல தோட்டா ஒரு புள்ளியைக் காப்பாற்றும், அவ்வளவுதான். காற்றைக் காட்டும் கொடியையும் கானலையும் படிக்கும் வேலை சுடுபவருடையது.

இன்னொரு கணக்கு குழல். இரண்டு தோட்டாவிலும் வெடிமருந்து ஏறக்குறைய ஒரே அளவு. கிரீட்மூரில் அத்தனை நெருப்பும் சின்னத் துளை வழியே பாய்வதால் குழலின் தொண்டைப் பகுதி (தோட்டா உட்காரும் அறைக்குச் சற்று முன்னால் உள்ள இடம்) சீக்கிரம் அரித்துவிடும். போட்டித் தரத்தில் கிரீட்மூர் குழல் 2000 முதல் 2500 சுடு வரை தாங்கினால் நல்லது; .308 குழல் 5000 வரை இழுக்கும். பழக வேண்டிய முதல் ஆண்டில் நிறையச் சுட வேண்டியிருக்கும் என்பதால் எங்கள் வாக்கு .308-க்கே. செலவு இன்னும் குறைய வேண்டும், தோளில் உதையும் வேண்டாம் என்றால் .223-இல் 80 கிரெய்ன் குண்டு; 600 கெஜம் வரை அது யாருக்கும் தலைகுனியாது.

.308 எடுத்தால் 168 கிரெய்ன் மேட்ச்கிங் குண்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆயிரம் கெஜத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். 300, 600 கெஜத்துக்கு அது பொன்னான குண்டு. 800 கெஜத்தைத் தாண்டி ஒலி வேகத்தை நெருங்கும்போது அதன் பின்பக்கச் சரிவு காரணமாகத் தள்ளாட ஆரம்பிக்கும். சில சமயம் இலக்குத் தாளில் பக்கவாட்டாகவே பதியும். 155, 175 எடுக்கலாம். 200 கிரெய்ன் வேண்டுமானால் குழலின் உட்புறப் புரிகளின் முறுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்க வேண்டும்.

வேக ஒழுங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். .308-இல் ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் நொடிக்கு 10 அடி வேறுபட்டால் 1000 கெஜத்தில் 3 அங்குலம் மேலோ கீழோ போகும். 30 அடி வேறுபட்டால் பத்து வளையத்தின் உயரம் முழுவதும் அதிலேயே தீர்ந்தது. காற்றே அடிக்காத நாளில் குழு (இலக்கில் குண்டுகள் பதிந்த கூட்டம்) மேலும் கீழுமாக நீண்டால், தோட்டாவை வேகமானியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டெக்சாஸ் வெயில் நம்மூர் வெயிலுக்குக் குறைந்ததல்ல. தோட்டாப் பெட்டி நிழலில் இருக்கட்டும். சுட்டுச் சூடேறிய குழலின் தோட்டா அறையில் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டு நிமிடக்கணக்கில் காற்றுக்காகக் காத்திருக்கவும் கூடாது. மருந்து சூடேறினால் வேகம் கூடி, குண்டு மேலே போய்விடும்.

? கல்லூரியில் படிக்கும் மகள் .22 ரைபிளில் 50 மீட்டர் பயிற்சி எடுக்கிறாள். வேகம் கூடிய 'ஹை வெலாசிட்டி' தோட்டா வாங்கினால் காற்றுத் தொந்தரவு குறையுமா?
— ஓர் ஆத்தா, தேவகோட்டை

கூடத்தான் செய்யும். நொடிக்கு 380 மீட்டரில் கிளம்பும் குண்டு, 50 மீட்டர் போவதற்குள் ஒலி வேகத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். வேகம் அவ்வளவு சடுதியாகக் குறையும்போதுதான் காற்று அதிகம் தள்ளும். போட்டித் தோட்டாக்கள் 320 – 330 மீட்டரில் மெதுவாகப் போவது அதனால்தான். அவற்றில் குண்டின் எடை பெரும்பாலும் 40 கிரெய்ன்தான்.

எலே, லபுவா, ஆர்டபிள்யூஎஸ் என்று பெயரைப் பார்த்து வாங்குவதைவிட, பெட்டியில் அச்சிட்ட லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஒரே பெயரில் இரண்டு லாட் வாங்கினால் ஒன்று அந்தக் குழலுக்குப் பிடிக்கும், மற்றது பிடிக்காது. தோட்டா மாற்றியதும் முதல் 15 சுடுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குண்டின் மேலுள்ள புது மெழுகு குழலில் பூச அவ்வளவு ஆகும். பிறகு தாங்கி மேல் வைத்து, லாட்டுக்குப் பத்து பத்தாக நான்கு குழு சுடச் சொல்லுங்கள். பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ., குண்டு 5.6 மி.மீ.; கோட்டைத் தொட்டாலே பத்து. எனவே குழு வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு 21 மி.மீ.க்குள் அடங்கினால் அந்த லாட்டை மொத்தமாக வாங்கிவிடலாம்.

நம் பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கை: வெயிலில் மெழுகு இளகி, செம்மண் தூசி குண்டில் ஒட்டும். அப்படியே ஏற்றினால் குழலுக்குள் உப்புத்தாள் தேய்த்த மாதிரி. கீழே விழுந்த தோட்டாவை ஊதிவிட்டு ஏற்றுவதும் இதே கதைதான்.

? எங்கள் வளவில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகலாமா?
— பள்ளத்தூர் வாசகர்

நீளம் தாராளமாகப் போதும். குழல் 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமமும் வேண்டாம். இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டரில் இருக்கட்டும். பின்னால், கீழ்நோக்கிச் சாய்த்த இரும்புத் தகடுள்ள பெட்டி கட்டாயம். ஈயக் குண்டு தூணில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. இடையில் திறக்கும் அறைக் கதவுகளை எல்லாம் பூட்டிவிட்டே தொடங்குங்கள்.

? ஐயா வைத்திருந்த .315 ரைபிள், கொஞ்சம் தோட்டாவோடு வீட்டில் இருக்கிறது. ஐயா காலமாகிவிட்டார். அதை வைத்துப் போட்டிக்குப் பழகலாமா?
— கொத்தமங்கலம் வாசகர்

போட்டிக்கு ஆகாது. அது வேட்டைக்கும் காவலுக்கும் என்று செய்த தோட்டா. குண்டு கனம், வேகம் குறைவு, மேட்ச் தரத்தில் கிடைப்பதும் இல்லை. அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. உரிமம் ஐயா பெயரில் இருந்ததால், ரைபிளை வீட்டில் வைத்திருப்பதே இப்போது ஆயுதச் சட்டப்படி குற்றம். தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசாக உங்கள் பெயரில் உரிமம் கேட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பச்சை பூத்த பழைய தோட்டாக்களைத் துடைக்கவோ பிரிக்கவோ வேண்டாம். ரைபிளோடு சேர்த்து அப்படியே கொடுத்துவிடுங்கள்.