திருமண வீடியோவில் பின்னணி மங்கலாக வேண்டும், முகமும் தப்பக் கூடாது: அபெர்ச்சர் எவ்வளவு வைப்பது?

கேள்வி கேட்டவர் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 எம்.எம் லென்ஸைப் போட்டு, எஃப் 1.8-இல் வைத்துக் கல்யாணம் எடுக்கிறார். (அபெர்ச்சர் என்பது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை. எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும், முன்னும் பின்னும் தெளிவாக வரும் ஆழம் கூடும்.) பின்னணி அழகாக மங்குகிறது, ஆனால் தாலி கட்டும் நேரத்தில் முகம் ஃபோகஸ் அவுட் ஆகி மங்கிவிடுகிறது, வேறு கேமரா வாங்க வேண்டுமா என்கிறார். வேண்டாம். முகூர்த்த நேரத்தில் எஃப் 4 வையுங்கள், மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் ராயபுரம். பன்னிரண்டு வருடமாகத் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் எஃப் 1.8-ஐ விட்டு நகர மாட்டேன். அப்படி ஒரு கல்யாணம். 85 எம்.எம் லென்ஸ், இரண்டு மீட்டர் தூரம். கெட்டிமேளம் கொட்டியதும் பெண் தலையைக் குனிந்தாள். முகம் கிடைக்காத ஆட்டோ ஃபோகஸ் நேராகப் போய் மாலையைப் பிடித்துக்கொண்டது. ரோஜா இதழில் தெளித்திருந்த தண்ணீர்த் துளிகூட எண்ணுகிற மாதிரி இருக்கிறது, அந்தப் பெண்ணின் கண் கலங்கியது தெரியவில்லை. பின்னால் நின்று அடுத்த இரண்டு முடிச்சையும் போட்ட மாப்பிள்ளையின் அக்கா, அரக்கு நிறத்தில் ஒரு தீற்றலாக மட்டும் இருக்கிறார்.

வீடியோவை வாங்கிப் போக அந்த அக்காதான் வந்தார். அந்த இடத்தை இரண்டு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். "நான் முடிச்சு போட்டது எங்க தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து பின்னணி எவ்வளவு மங்க வேண்டும் என்று நான் யோசிப்பதில்லை. யார் யார் தெளிவாக இருக்க வேண்டும், முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் எத்தனை அடி என்றுதான் பார்க்கிறேன்.

இப்போது கணக்கு. 85 எம்.எம், எஃப் 1.8, இரண்டு மீட்டர் என்றால் தெளிவாக வரும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர். கல்யாண மாலையின் கனமே அதைவிட அதிகம். உங்கள் 50 எம்.எம்-இல் அதே தூரத்தில் சுமார் 17 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. எஃப் 4-க்கு வந்தால் 39 ஆகிறது. ஒரு மீட்டர் பின்னால் போனால் அதே எஃப் 4-இல் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர். அபெர்ச்சரைத் தொடாமலே இரண்டு மடங்குக்கு மேல்! இந்த மாதிரிக் கிட்டத் தூரங்களில் தூரம் இரட்டித்தால் இந்த ஆழம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மாலை, பெண், மாப்பிள்ளை, நாத்தனார் எல்லாரும் அந்த 90 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவார்கள்.

நிற்கும் இடமும் பாதி வேலையைச் செய்யும். நேர் எதிரே நின்றால் நாத்தனார்தான் கடைசி ஆள். பெண் உட்கார்ந்திருக்கும் பக்கத்து மூலையிலிருந்து சாய்வாக எடுத்தால் மாப்பிள்ளையும் நாத்தனாரும் உங்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் வந்துவிடுவார்கள், முன்னே பெண் மட்டும். தேவைப்படும் ஆழமே குறைந்துவிடுகிறது. மூன்று மீட்டர் தள்ளிப் போனால் நடுவில் செல்போனைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் வந்து நிற்பார்கள்தான். அந்த மூலையில் முன்கூட்டியே ஒரு ஸ்டூல் போட்டு வைத்துவிடுங்கள்.

எஃப் 1.8-இலிருந்து எஃப் 4-க்குப் போனால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஐ.எஸ்.ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு, 640 வைத்திருந்தால் 3200 வேண்டும். இப்போதைய ஃபுல் ஃபிரேம் கேமராக்கள் அதைத் தாங்கும். படத்தில் கொஞ்சம் கிரெயின் (பொடிப் பொடிப் புள்ளி) வந்தாலும் வீட்டுக்காரர்கள் மன்னிப்பார்கள், முகம் இல்லையென்றால் மன்னிக்க மாட்டார்கள். ஷட்டர் வேகத்தை மட்டும் ஒரு நொடியில் 50-இல் ஒரு பங்கிலேயே விடுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மாற்றினால் சில மண்டபங்களில் விளக்கு துடிக்கும்.

நலங்கு வேறு கதை. வியாசர்பாடியில் பத்துக்குப் பத்து அறையில் மஞ்சள் பூசுகிற அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு ஆயா என்று இருபது பேர். பின்னால் போக இடமே இருக்காது. அங்கே 50-ஐக் கழற்றிவிட்டு, கிட்டத்திலிருந்தே அகலமாகப் பிடிக்கும் 35 அல்லது 24 எம்.எம் லென்ஸைப் போடுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கும் 24 எம்.எம்தான். காசிமேட்டுத் தெருவில் பேண்டு, பட்டாசுப் புகை, எதிரே ஆடிக்கொண்டு வருகிற பையன்கள். ஆட்டோ ஃபோகஸ் புகையிலும் பேண்டுக்காரர் டிரம்மிலும் மாறி மாறி அலையும். எஃப் 2.8-இல் மூன்று மீட்டருக்கு ஃபோகஸை மேனுவலில் பூட்டிவிட்டால் சுமார் இரண்டு மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை தெளிவாக இருக்கும். கூட்டத்தோடு அந்த இடைவெளியைக் காத்துக்கொண்டு பின்னால் நடந்தால் போதும்.

லென்ஸைத் திறந்து வைக்க வேண்டிய இடமும் உண்டு. தட்டில் இருக்கும் தாலிக்கயிறு, மருதாணிக் கை, பூச்சடை, இதெல்லாம் ஆடாத பொருள்கள், எஃப் 2 தாராளமாக வைக்கலாம். அப்புறம் ரிசப்ஷன் மேடையில் எல்.இ.டி திரை. அது ஷார்ப்பாக விழுந்தால் அதன் புள்ளிகளும் சென்சார் புள்ளிகளும் மோதி அலை அலையாகக் கோடு ஓடும், எடிட்டிங்கில் எளிதில் போகாது. அங்கே பின்னணியை மங்க வைப்பதுதான் மருந்து. டெக்கரேஷன்காரரிடம் சொல்லி சோபாவைத் திரையிலிருந்து ஐந்தாறு அடி முன்னால் போடச் சொல்லுங்கள், எஃப் 2.8 போதும். ஆனால் குடும்பத்தோடு இரண்டு மூன்று வரிசை நிற்கும்போது உடனே எஃப் 5.6-க்குப் போய்விடுங்கள்.

ஃபோகஸ் பீக்கிங்கை, அதாவது தெளிவாக இருக்கும் ஓரங்களை நிறக் கோட்டால் காட்டும் வசதியை, ரொம்ப நம்பாதீர்கள். சின்ன மானிட்டரில் மாலையின் ஜரிகையும் புடவை பார்டரும் கோடு கோடாக மின்னும், கண் மங்கியிருப்பது தெரியாது. பெரிதாக்கிப் பார்க்க நேரம் கிடைப்பது முகூர்த்தத்துக்கு முன்னால்தான். யார் முடிச்சு போடப்போகிறார் என்று கேளுங்கள். பெண் மணையில் வந்து உட்கார்ந்ததும், "அக்கா, ஒரு நிமிஷம் பின்னாடி நில்லுங்க" என்று கூப்பிட்டு நிறுத்தி, முதலில் பெண்ணின் கண்ணைப் பாருங்கள், பிறகு அந்த அக்காவின் கையைப் பாருங்கள். இரண்டும் தெளிவாக இருந்தால் ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, மேளம் கொட்டும்வரை இடத்தை விட்டு நகராதீர்கள்.