அத்தையின் டிரங்குப் பெட்டி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்கு 71 வயது. 1978இல் ரயில்வேயில் உதவி நிலைய அதிகாரியாகச் சேர்ந்து 2014இல் ஓய்வு பெற்றேன். பகவதிபுரம், சங்கரன்கோவில், ஆண்டிபட்டி என்று பெரும்பகுதி மீட்டர்கேஜ் பாதைகளிலேயே கழிந்தது. மூன்று ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதிவருகிறேன். 400 பக்கம் ஆகிவிட்டது. பாதி வேலை, பாதி குடும்பம்.

எங்கள் குடும்பத்தில் எல்லோருமே ஒரு தினுசு. தாத்தா தம்பியோடு பேச்சை முறித்து வீட்டின் நடுவே சுவர் எழுப்பினார். பிறகு சண்டை போடுவதற்காக அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தார். பெரியப்பா நாற்பது வயதுக்கு மேல் செருப்பே போடவில்லை. அத்தை நான் மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் கூடவே வந்தார். ஆனால் தன் டிரங்குப் பெட்டியை ஒருநாளும் பிரித்து அடுக்கியதில்லை. நண்பர் ஒருவர் படித்துவிட்டு, “இது இரண்டு நாவல், ஒன்றை வெட்டு” என்கிறார். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்லாதே என்கிறாள் தங்கை. எதை வெட்டுவது? இந்த வயதில் முதல் நாவல் தேவைதானா? மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருதுநகர்

அன்புள்ள ஐயா,

வயதுக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழின் முதல் நாவலை எழுதியவரே முன்சீப்பாக வேலை பார்த்தவர்தான். மாயூரம் வேதநாயகம் பிள்ளை பிறந்தது 1826இல். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சில் வந்தது 1879இல். கோர்ட்டில் உட்கார்ந்து சாட்சிகளையும் வக்கீல்களையும் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அந்த நாவலில் இருக்கிறது. கோர்ட்டு நடவடிக்கைகள் தமிழில் இருக்க வேண்டும் என்ற அவருடைய வாதமும் கதைக்குள்ளேயே வருகிறது. வாதம் வரும் இடங்களில் கதை நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உங்களுக்கும் அந்த ஆபத்து இருக்கிறது.

நீங்கள் அனுப்பியதை இரண்டு முறை படித்தேன். முதல் அத்தியாயத்தில் பகவதிபுரத்தில் ஆனி மாதத்து மழை. இரவு வண்டியை அனுப்ப அடுத்த நிலையத்திடம் லைன் கிளியர், அதாவது பாதைக்கான அனுமதி, கேட்கிறீர்கள். அங்கிருந்து சம்மதம் வந்ததும் கருவியிலிருந்து டோக்கன் எனப்படும் இரும்புப் பந்து விழுகிறது. அதைத் துண்டால் துடைத்து, விளக்கருகே கொண்டுபோய், அதில் பொறித்திருக்கும் இரண்டு ஊர்ப் பெயர்களையும் விரலால் தடவிப் படித்துவிட்டு, தோல் பைக்குள் போட்டு வாரை இறுக்குகிறீர்கள். பிறகு அந்தப் பை கட்டிய பிரம்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்தபடி மழையில் நிற்கிறீர்கள். ஓடும் வண்டியிலிருந்து டிரைவர் பழைய வளையத்தை எறிந்துவிட்டுப் புதியதைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறார். எறிந்த வளையத்தைத் தேடிப் பாயிண்ட்ஸ்மேன் சேற்றில் ஓடுகிறார். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரண்டு நிலையங்களிலும் இன்னொரு பந்தை எடுக்க முடியாது, ஆகவே அந்தப் பாதையில் ஒரே ஒரு வண்டிதான் இருக்க முடியும் என்ற ஏற்பாட்டை நீங்கள் எங்கும் விளக்கவில்லை. உங்கள் கை செய்ததை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எல்லாம் புரிந்தது. பகவதிபுரம் வழியாகப் போன செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் 2010இல் நின்றுவிட்டது. அந்தப் பாதையில் இந்த வேலையைக் கையால் செய்தவர்கள் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? அந்த அத்தியாயத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாதீர்கள்.

மூன்றாம் அத்தியாயம் அப்படி இல்லை. எந்த ஆண்டு எந்த ஊர், எப்போது பதவி உயர்வு, எந்த அதிகாரி என்ன சொன்னார் என்று பணிப்பதிவேடு போலப் போகிறது. நாவலுக்கு 36 ஆண்டுகளும் வேண்டாம். ஒரு நிலையம் போதும், பகவதிபுரமே போதும். மற்ற ஊர்களில் நடந்தவற்றில் நல்லவற்றை அங்கே கொண்டுவந்து வையுங்கள். வெட்ட வேண்டியது இந்த வரிசையைத்தான். வேலையா குடும்பமா என்று கேட்டு எதையும் வெட்டாதீர்கள்.

குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். என் முதல் நாவலில் சித்தப்பாவை எழுதினேன். வாழ்நாள் முழுக்கப் பஸ் டிக்கெட்டுகளைத் தேதிவாரியாக நூலில் கோத்து வைத்தவர். வாசகர்கள் சிரித்தார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. அவருடைய மகள் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: “அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று எழுதவில்லையே, அக்கா?” எனக்குத் தெரியாது என்றேன். அவள் சொன்னாள். இளம் வயதில் வேலை பார்த்த இடத்தில் பணம் காணாமல் போயிருக்கிறது. அன்று வெளியூரில் இருந்தேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு டிக்கெட்டைக்கூடத் தூக்கி எறியவில்லை. அந்த நாவலை இன்றுவரை என்னால் மறுபடி எடுத்துப் படிக்க முடியவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். பெரியப்பா ஏன் செருப்பை விட்டார்? தெரியாவிட்டால் விசாரியுங்கள். விசாரித்தும் தெரியவில்லையென்றால், அந்தத் தெரியாமையோடு பக்கத்தில் வாழ்ந்த ஒரு பையனை எழுதுங்கள். விநோதங்களை வரிசையாக நிறுத்தினால் பொருட்காட்சி பார்த்த உணர்வுதான் வரும். தாத்தாவின் ஜன்னலை மட்டும் விட்டுவிடாதீர்கள். பேச்சை முறித்த மனிதருக்குத் தம்பியின் குரல் தேவைப்பட்டிருக்கிறது!

இனி அத்தை. கடிதத்தில் அவருக்கு இரண்டு வாக்கியம். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு பத்தி. தினமும் சாயங்காலப் பாசஞ்சர் வரும் நேரத்துக்குத் தலைவாரிக்கொண்டு பிளாட்பார பெஞ்சில் வந்து உட்காருவார், வண்டி போனதும் எழுந்து குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். ஐயா, உங்கள் நாவல் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. எல்லா வண்டிக்கும் வழிவிடும் உரிமை உள்ள மருமகன், எந்த வண்டியிலும் ஏறாமல் பெட்டியைக் கட்டியே வைத்திருக்கும் அத்தை. இருவரும் ஒரே பிளாட்பாரத்தில் இருக்கிறார்கள். இதில் வேலை எது, குடும்பம் எது என்று உங்கள் நண்பரால் பிரித்துக் காட்ட முடியுமா? புருஷன் வீட்டுக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாரா, வேறு எதற்காகவோ என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்: டோக்கனையும் பெட்டியையும் ஒப்பிட்டு ஒரு வரிகூட எழுதாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், போதும்.

உங்கள் தங்கையின் பயத்தை நான் மதிக்கிறேன். ஊரை மாற்றுங்கள், உறவை மாற்றுங்கள், அத்தையைச் சித்தியாக்குங்கள். உயிரோடு இருப்பவர்களுக்குத் தலைகுனிவு வரும் என்று தோன்றும் இடங்களை அச்சுக்கு முன் அவரிடம் படித்துக் காட்டுங்கள். அதற்கும் முன்னால் அத்தையைப் பற்றி அவரிடம் கேளுங்கள். நீங்கள் இரவுப் பணியில் இருந்தபோது வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டவை அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெட்டி இப்போது யார் வீட்டில் இருக்கிறது, யாராவது திறந்தார்களா என்று நீங்கள் எழுதவே இல்லை. அதையும் கேளுங்கள்.

கேட்டுவிட்டு, சாயங்கால வண்டி வந்து போகும் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் மூன்று பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். இந்த மாதம் முழுவதும் நான் ஊரில்தான் இருக்கிறேன்.

அன்புடன்