எதிர்பாராத இடத்தில் கண்ட ஒரு பறவை உங்கள் சிறுவயது நினைவுகளைக் கிளறியதுண்டா?

உண்டு. இராமநாதபுரம் கடற்கரைக்காரரிடம் பறவையைப் பற்றிக் கேட்டால் தனுஷ்கோடிப் பூநாரையைத்தான் முதலில் சொல்வார். அந்தப் பகுதி 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு வெளியூர்க்காரர்களும் அதையே விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். என் பதில் பூநாரையைப் பற்றியது அன்று. கடலோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாததாகத் தோன்றும் ஒரு காட்டுப் பறவையை, ஆறுமணிக்குருவியை, மண்டபம் என்ற கடற்கரை ஊரில் என் சித்தப்பா வீட்டுக் கொல்லையில் சென்ற ஐப்பசியில் கண்டேன்.

கொல்லை என்றதும் செடி கொடி அடர்ந்த தோட்டத்தை நினைக்க வேண்டாம். ஒரு கிணறு, துணி துவைக்கும் கல், மோட்டார் அறை, மதிலோரம் ஒரு பூவரசு, அதனடியில் கிழிந்த நைலான் வலைக் குவியல், அவ்வளவுதான். முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டு நின்றபோது பூவரசின் ஈரச் சருகுகளுக்கிடையே ஏதோ தத்துவதைக் கண்டேன். மைனாவைவிடச் சிறியது, வால் இருக்கிறதா என்று ஐயுறும்படி அத்தனை குட்டை வால். முதுகு பச்சை, இறக்கையில் பளிச்சென்ற நீலத் திட்டு, தொண்டை வெள்ளை, மார்பு சந்தன நிறம், கண்ணை உள்ளடக்கிப் பிடரி வரை ஓடும் பட்டையான கறுப்புக் கோடு, வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு. ஒரு சருகை ஓரத்தில் கவ்விப் புரட்டிப்போடும். தலையைச் சாய்த்து அடியில் பார்க்கும். இரண்டு தத்துத் தத்தி நிற்கும். அந்தக் குட்டை வால் மட்டும் அவசரமில்லாமல் மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருக்கும். மதில்மேல் இரண்டு காகங்கள் அதையே கவனித்துக்கொண்டிருந்தன.

தம்பியின் மகன் என் பின்னால் வந்து நின்று, "பெரியப்பா, யாரு வீட்லயோ வளத்த கிளி தப்பிச்சு வந்திருச்சு போல" என்றான். இத்தனை நிறங்களை ஒரே உடம்பில் பார்க்கிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கோ அப்பத்தாவின் ஓலைப்பெட்டி நினைவுக்கு வந்தது.

உச்சிப்புளிப் பக்கம் எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டிருந்தது என்றாலும், மழைக்காலத்தில் அது இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரமே மிகுதி. அப்படியான ஓர் இரவில் திண்ணையில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருக்க, இருட்டிலிருந்து இதே வகைப் பறவை ஒன்று நேரே வந்து சுவரில் மோதிக் கீழே விழுந்தது. பூனை எழுந்து வருவதற்குள் அப்பத்தா முந்தானையைப் போட்டு மூடி அதை எடுத்துவிட்டார். கருப்பட்டி வைத்திருந்த பனையோலைப் பெட்டியைக் காலி செய்து, பழைய துணி ஒன்றை அடியில் விரித்து, பறவையை உள்ளே விட்டு மூடினார். ஓலை முடைந்த பெட்டியாதலால் காற்றுக்குக் குறைவில்லை. அக்காள் ஒரு கிண்ணத்தில் பாலும் சோறும் பிசைந்துகொண்டு ஓடி வந்தாள். "தண்ணியும் ஊத்தாதீங்க, சோறும் திணிக்காதீங்க. அது பசிச்சு விழல, களைச்சு விழுந்திருக்கு. சிலோனுக்குப் போற குருவி. விடியுற வரைக்கும் இருட்டுல கெடக்கட்டும்" என்று அப்பத்தா அவளைத் தடுத்துவிட்டார்.

அப்பத்தாவுக்கு எல்லாமே சிலோன்தான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவருடைய அண்ணன் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. வீட்டிலிருந்த நல்ல கத்தரிக்கோல் சிலோனிலிருந்து வந்தது. மாலையில் கேட்ட பாட்டு சிலோன் ரேடியோவில் வந்தது. எந்தப் புதுப் பொருளைக் கண்டாலும் அது சிலோன் சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஆகவே குருவியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார் என்று நாங்கள் சிரித்தோம். விடிந்ததும் பெட்டியைக் கொல்லைப் புதரருகே கொண்டுபோய் வைத்து மூடியைத் திறந்தார். பறவை சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு, வெளியே தத்தி, புதருக்குள் நுழைந்துவிட்டது. அன்று மாலை இருட்டுகிற வேளையில் அங்கிருந்து இரண்டு சுரமாக ஒரு சீழ்க்கை கேட்டது. மறுநாள் மாலை கேட்கவில்லை.

பின்னாளில் பறவைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது அப்பத்தா சொன்னது பெரும்பாலும் சரியென்றே தெரிந்தது. ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. மழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்பித் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பனிக்காலத்தைக் கழிக்கிறது. 19 சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 60 கிராம் எடையும் உள்ள அந்த உடம்பு, இரவிலே பறந்து, பகலில் எங்கே நிழலும் சருகும் கிடைக்கிறதோ அங்கே இறங்கி இரை தேடிக்கொண்டு, கட்டம் கட்டமாக இந்த நிலப்பரப்பைக் கடக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற அதே நாள்களில் அது நம் பக்கம் வந்து சேர்வதால், மழையிலும் காற்றிலும் அடிபட்டுக் களைத்து, விளக்கு வெளிச்சத்தால் திசை கலங்கி, வீட்டு முற்றத்திலும் மாடிப்படியிலும் விழுந்து கிடக்கிறது. இப்படிக் கண்டெடுக்கப்படும் பறவையை வழி தவறியது என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. அது தன் வழியிலேதான் இருக்கிறது, நம் வீடுதான் அந்த வழியில் இருக்கிறது.

அதிலும் மண்டபம் பழகிய தங்கலிடம். தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான் கடல். 1914-இல் தொடங்கி, 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை, அந்தத் தொலைவைப் பயணிகள் கப்பலில் கடந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலியாட்களை, அம்மையும் காலராவும் அக்கரைக்குப் பரவாதிருக்க வேண்டி, மண்டபம் முகாமில் நிறுத்திவைத்துத்தான் கப்பலேற்றினார்கள். அப்பத்தாவின் அண்ணனும் அங்கே தங்கிப் போனவரே. பிற்காலத்தில் அதே முகாம் அக்கரையிலிருந்து ஓடிவந்த தமிழருக்கு அகதி முகாமாயிற்று. சித்தப்பா வீட்டில் இறங்கிய பறவை கடலைக் கடந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தமிழ்நாட்டுத் தோப்புகளிலேயே தங்கிவிடும் ஆறுமணிக்குருவிகளும் பல. என்றாலும் அப்பத்தாவின் பேச்சை நினைத்துக்கொண்டு கிழக்கே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று வந்து விழலாம். ஐப்பசியில் இந்தக் கரையோரம் அது அரிய செய்தியும் அன்று. ஓலைப்பெட்டி இல்லையென்றால், காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி போதும். துணி விரித்து, பறவையை உள்ளே விட்டு, சந்தடியில்லாத இருட்டான இடத்தில் வையுங்கள். அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும், ஊற்றாதீர்கள். கையில் வைத்துக்கொண்டு படமெடுப்பதும் வேண்டாம், மனிதக் கைப்பிடியே அதற்குப் பெரிய அச்சம். விடிந்ததும், பூனையும் காகமும் அண்டாத புதரோரத்தில் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ நிற்க முடியாமல் சாய்ந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாயிருக்கிறதென்று கூண்டிலடைத்து வைத்துக்கொண்டால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இவற்றையெல்லாம்விடப் பயன் தருவது, வலசைக் காலத்து இரவுகளில் தேவையில்லாத வெளிவிளக்குகளை அணைத்துவைப்பது. சித்தப்பாவின் மாடியில் கொல்லையை நோக்கி ஒன்றும் தெருவை நோக்கி ஒன்றுமாக இரண்டு பெரிய எல்இடி விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. காகங்களை விரட்டிவிட்டு, தம்பி மகனையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, இதைப் பற்றி அவரிடம் பேசினேன். "திருட்டுப் பயம் இருக்குய்யா, குருவிக்காக எப்படி அணைக்கிறது?" என்றார். கடைசியில் தெருப் பக்கத்து விளக்கு எரியட்டும், கொல்லைப் பக்கத்து விளக்கைக் கார்த்திகை வரைக்கும் அணைத்துவைக்கலாம் என்ற அளவில் உடன்பாடு ஆயிற்று. சுவிட்சைக் கவனிக்கும் பொறுப்பைப் பையன் எடுத்துக்கொண்டிருக்கிறான்.