பயிற்சியாளர் செய்ததற்குக் குதிரையின் உரிமையாளர் பொறுப்பா?

கேள்வி: அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் வசிக்கிறோம். மகளுக்காக டென்னசி வாக்கிங் இனக் குதிரை ஒன்று வாங்கி, பயிற்சியாளரின் லாயத்தில் விட்டிருந்தோம். ஒரு போட்டியில், போட்டித் தரப்பு நியமித்த ஆய்வாளர் (டிக்யூபி என்பார்கள்) தேர்ச்சி கொடுத்துவிட்டார். அடுத்து அமெரிக்க வேளாண் துறையின் கால்நடை மருத்துவர் கால்களை அழுத்திப் பார்த்து, இரண்டு முன்கால்களிலும் வலி இருப்பதாக எழுதிவிட்டார். இப்போது பயிற்சியாளர் மீதும் என் மீதும் அந்தத் துறையின் புகார் மனு தபாலில் வந்திருக்கிறது. “என் வக்கீலே உங்களுக்கும் பார்த்துக்கொள்வார்” என்கிறார் அவர். நான் அந்தக் காலைத் தொட்டதுகூட இல்லையே?

பதில்: அவருடைய வக்கீலை ஏற்காதீர்கள். “நான் தடுக்கத்தான் பார்த்தேன், அவர் கேட்கவில்லை” என்பதுதான் உங்கள் தரப்பாக இருக்க முடியும். அந்த வாதத்தை அவருடைய வக்கீல் அவருக்கு எதிராகவே எப்படி வைப்பார்?

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். மனு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் வாஷிங்டனில் வேளாண் துறையின் ஹியரிங் கிளார்க்கிடம் (விசாரணை எழுத்தரிடம்) பதில் மனு போய்ச் சேர வேண்டும். பத்தி பத்தியாக எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மறுக்காமல் விட்ட பத்தியை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். பதிலே போடாவிட்டால் விசாரணை இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும். வாய்மொழி விசாரணை வேண்டும் என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

டிக்யூபி கொடுத்த தேர்ச்சி உங்களைக் காப்பாற்றாது. 1970-ல் வந்து 1976-ல் திருத்தப்பட்ட குதிரைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இரண்டு முன்கால்களிலோ இரண்டு பின்கால்களிலோ அசாதாரண வலியோ வீக்கமோ தெரிந்தால் ‘சோரிங்’ நடந்ததாகவே அனுமானம். கடுகு எண்ணெய், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் குளம்புக்கு மேலே கணுப்பகுதியில் தடவி, அதன்மேல் சங்கிலி கட்டிப் புண்ணாக்கி, முன்காலை உயரத் தூக்கி வைக்கச் செய்யும் கொடுமைக்குத்தான் அந்தப் பெயர். ‘இரண்டு கால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மீறலைக் குறித்து வேளாண் துறையின் ஏபிஸ் பிரிவு எழுதும் படிவம் 7077-ஐயும், ஆய்வின் காணொளி இருந்தால் அதையும், மருத்துவரின் வாக்குமூலத்தையும் கேட்டு வாங்குங்கள். எந்தப் புள்ளியில் அழுத்தினார், அதே புள்ளியில் திரும்பத் திரும்ப அழுத்தியபோதும் குதிரை காலை இழுத்ததா, இல்லை சும்மா தலையை ஆட்டியதா? இரண்டு காலிலும் அப்படித்தானா? வழக்கின் உயிர் இந்தக் கேள்விகளில் இருக்கிறது.

அடுத்தது உங்கள் பொறுப்பு. வலியுள்ள குதிரையைக் காட்சிக்கு விட உரிமையாளர் ‘அனுமதிப்பதும்’ குற்றம். டென்னசி அடங்கிய 6-வது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994-ல் பேர்ட் வழக்கில் ஒரு வழி காட்டியது. உரிமை, காட்சி, வலி மூன்றையும் அரசு காட்டிவிட்டால், தடுக்க நடவடிக்கை எடுத்தேன் என்பதற்கு உரிமையாளர் ஆதாரம் வைக்கலாம். அது வெறும் கண்துடைப்பு என்று நிரூபிக்கும் சுமை பிறகு அரசின் மேல் விழும். ஆகவே இன்றே தேடுங்கள்: “சோரிங் கூடாது, மீறினால் குதிரையை எடுத்துவிடுவேன்” என்று பயிற்சியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல், குறுஞ்செய்தி, ஒப்பந்த வரி, லாயத்துக்குச் சொல்லாமல் போய்ப் பார்த்த நாட்களின் படங்கள். இப்போது புதிதாக எழுதிப் பழைய தேதி போடும் எண்ணமே வேண்டாம். அது தனிக் குற்றம்.

தோற்றால் மீறல் ஒன்றுக்கு 2,000 டாலர் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. பணவீக்கச் சரிக்கட்டலால் இப்போது அதைவிடக் கூடுதல். முதல் மீறலுக்குக் குறைந்தது ஓராண்டு, அடுத்ததற்கு ஐந்தாண்டு காட்சித் தடையும் விதிக்கலாம். பணத்தைவிடத் தடைதான் வலிக்கும். சமரச உத்தரவுக்குப் பேசும்போது அதைக் குறைக்கத்தான் பேரம் பேச வேண்டும். துறையின் இறுதி உத்தரவு எதிராக வந்தால் மேல்முறையீட்டு நீதிமன்றம் போக 30 நாள்.

அன்றைக்கே மறுஆய்வு கேட்டிருக்கலாம். குதிரை ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே போகும் முன், உடனே ‘ஷோ கால்நடை மருத்துவரிடம்’, அதாவது அந்தப் போட்டியில் பொறுப்பிலிருக்கும் வேளாண் துறை மருத்துவரிடம், கேட்க வேண்டும். போதிய காரணம் உண்டு என்று அவருக்குப் பட்டால், 24 மணி நேரத்துக்குள் மறுஆய்வு உண்டு. வண்டியில் ஏற்றிய பிறகு கேட்டுப் பலனில்லை.

இனி ஒரு போட்டிக்குப் போவதென்றால், வண்டியில் ஏற்றும் முன் நீங்களே காலை மடக்கிப் பிடித்து, கட்டைவிரலின் சதைப்பகுதியால் கணுவின் முன்னும் பின்னும் அழுத்திப் பாருங்கள். முடியை விலக்கி, முடி உதிர்வும் தடிப்பும் இருகாலிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கவனியுங்கள். போட்டியில் காலில் மாட்டும் சங்கிலியைக் கொக்கியோடு சேர்த்துத் தராசில் வையுங்கள். ஒவ்வொன்றும் 6 அவுன்ஸ், அதாவது சுமார் 170 கிராம் தாண்டக் கூடாது. குளம்பு முனையின் நீளம் குதிகாலின் உயரத்தைவிட 1 அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். கிளிசரின், வாசலின், மினரல் ஆயில் எதுவானாலும் ஆய்வுக்குப் பிறகு போட்டி நிர்வாகம் தருவதை மட்டுமே தடவலாம். மரத்துப்போகும் மருந்து தடவி ஏய்க்க நினைப்பவர்கள் உண்டு, ஆனால் பஞ்சில் துடைத்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் அது தெரிந்துவிடும். வாக்கிங் குதிரைகளுக்குச் சங்கிலியும் பேடும் (குளம்புக்கு அடியில் வைக்கும் திண்டும்) அடியோடு கூடாது என்ற 2024 விதியை டெக்சாஸ் ஃபெடரல் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ரத்து செய்துவிட்டது. இந்த விவகாரம் அடிக்கடி மாறுவதால், ஒவ்வொரு சீசனுக்கும் முன் நடப்பு விதியைச் சரிபாருங்கள்.

இப்போதைக்கு அந்த லாயத்தோடு தொடர்பில்லாத கால்நடை மருத்துவரை அழைத்து, நான்கு கால்களையும் பரிசோதித்துத் தேதியிட்ட படங்களோடு அறிக்கை வாங்குங்கள். அறிக்கை கையில் வந்த பிறகு குதிரையை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.