விபத்து விசாரணை: எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டலாம்?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசராக இருக்கிறேன். உலோகத் தகட்டை அழுத்தி உருக்கொடுக்கும் எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒருவருக்கு விரல் நசுங்கிவிட்டது. நாங்கள் எழுதிய ரிப்போர்ட்டை, ‘இதில் மூலகாரணமே இல்லையே’ என்று வாடிக்கையாளர் கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. விபத்து விசாரணைப் பயிற்சிக்கு ஆள் அனுப்பலாம் என்கிறார் எம்.டி. மூன்று கொட்டேஷன் வந்திருக்கின்றன. ஒன்று, ஒரு நாள் ஆன்லைன் வகுப்பு. இன்னொன்று, ‘ஃபைவ் ஒய்’ (அடுத்தடுத்து ஐந்து முறை ‘ஏன்’ கேட்பது), ‘ஃபிஷ்போன்’ (காரணங்களை மீன்முள் மாதிரிப் படமாக வரைவது) கற்றுத்தரும் இரண்டு நாள் வகுப்பு. மூன்றாவது, சாஃப்ட்வேரோடு வரும் ஐந்து நாள் வெளிநாட்டு முறை. அதன் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. எதை எடுக்கலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: ஐந்து நாள் வகுப்பை ஓரமாக வையுங்கள். ரிஃபைனரி, சுரங்கம் மாதிரி இடங்களுக்கு அது சரி. உங்கள் ஷாப்பில் கற்றதைப் பயன்படுத்தும் நாள் வருவதற்குள் பாதி மறந்துவிடும். ஆன்லைன் வகுப்பில் சர்டிஃபிகேட் கிடைக்கும், அவ்வளவுதான்.

திரும்பி வந்த ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் ஊகிக்க முடிகிறது: ‘காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. நடவடிக்கை: அறிவுரை வழங்கப்பட்டது.’ சேஃப்டி ஆபீசராக இருந்த காலம் முழுக்க இந்த இரண்டு வரியைப் படித்து அலுத்தவன் நான்.

ஒரு பிரஸ் ஷாப் கதை சொல்கிறேன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ராம், அதாவது பிரஸ்ஸின் அழுத்தும் பாகம், இறங்கும். ஆபரேட்டர் ஒரு பட்டனில் ஐஸ் குச்சியைச் செருகிவிட்டு, அந்தக் கையால் பீஸைப் பிடித்திருந்தார். விரல் போனது. ரிப்போர்ட்டில் அதே இரண்டு வரி. அப்புறம் நைட் ஷிஃப்ட் ஆட்களோடு டீ குடிக்கும்போதுதான் விஷயம் வந்தது: டையில், அதாவது உருக்கொடுக்கும் அச்சில், பீஸை நிறுத்தும் ‘பின்’ (சிறு கம்பி) தேய்ந்துபோயிருக்கிறது, கையால் பிடிக்காவிட்டால் பீஸ் நகரும். டையை ரிப்பேருக்கு இறக்கச் சொல்லி டூல் ரூமில் ஸ்லிப்பும் இருந்தது. டிஸ்பாட்ச் அவசரத்தில் யாரும் இறக்கவில்லை.

‘ஏன், ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போனால் இதுவரை வந்துவிடலாம். ஆனால் ‘ஃபைவ் ஒய்’ ஒரே கோட்டில் போகும். குச்சியை ஏன் செருகினார் என்று கேட்பவர், குச்சி செருகியும் மெஷின் எப்படி ஓடியது என்று கேட்க மறந்துவிடுவார். சரியான கன்ட்ரோல் என்றால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டு பட்டனையும் விட்டு, ஏறக்குறைய ஒரே நேரத்தில் மறுபடி அழுத்த வேண்டும். குச்சி வேலைக்கு ஆகாது. அங்கே கன்ட்ரோல் பேனல் பழசு, அந்த வசதி இல்லை. ‘ஃபிஷ்போன்’ படத்திலோ, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாக் கட்டத்தையும் ஊகத்தால் நிரப்பிவிடலாம்.

அதனால் இரண்டு நாள் வகுப்பையே எடுங்கள். ஆனால் பணம் கட்டுமுன் அந்தப் பயிற்சியாளரிடம் போனில் பேசுங்கள். படம் வரைவதற்கு முன்னால் என்ன சொல்லித்தருவார் என்று கேளுங்கள். மெஷினை அப்படியே நிறுத்தி போட்டோ எடுப்பது, பார்த்தவர்களைத் தனித்தனியாக விசாரிப்பது, ‘ஏன்யா இப்படிப் பண்ணின?’ என்று ஆரம்பிக்காமல் ‘வழக்கமா இதை எப்படிச் செய்வீங்க?’ என்று ஆரம்பிப்பது: இதற்கெல்லாம் அரை நாளாவது ஒதுக்காதவர் வேண்டாம். அவர் எழுதிய ஒரு ரிப்போர்ட்டைப் பெயர்களை அடித்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதில் கடைசி நடவடிக்கை ‘மறுபயிற்சி’ என்று முடிந்திருந்தால், நன்றி சொல்லி போனை வைத்துவிடுங்கள். சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனமும் பாதுகாப்புப் பயிற்சிகள் நடத்துகிறது. அவர்களுடைய பயிற்சி அட்டவணையையும் கேட்டுப் பாருங்கள்.

காசு செலவில்லாத வழியும் இருக்கிறது. பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹெச்.எஸ்.இ. என்ற அரசு அமைப்பின், விபத்து விசாரணை பற்றிய ‘ஹெச்.எஸ்.ஜி. 245’ கையேடு இணையத்தில் இலவசம். ஆங்கிலம்தான், ஆனால் எளிமையானது. ரசாயன ஆலை விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்காவின் கெமிக்கல் சேஃப்டி போர்டு, டெக்சஸ் சிட்டி எண்ணெய் ரிஃபைனரி விபத்தைப் பற்றி யூடியூபில் போட்டிருக்கும் படத்தையும் பாருங்கள். 2005-ல் அந்த ரிஃபைனரி வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். விசாரணை ஆபரேட்டர்களோடு நிற்கவில்லை. தப்பான அளவைக் காட்டிய லெவல் கருவி, லீவே இல்லாமல் தொடர்ந்து 29 நாள் பார்த்த 12 மணி நேர ஷிஃப்ட், செலவைக் குறைத்த நிர்வாகம் வரை போனது. எம்.டி.யையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

யாரை அனுப்புவது? நீங்கள் மட்டும் போகாதீர்கள். நான் சொன்ன கதை மாதிரி உங்களிடமும் டை ரிப்பேர் தாமதம்தான் காரணம் என்று வந்தால், உங்கள் துறையை நீங்களே விசாரிக்க வேண்டியிருக்கும். ஓர் அனுபவமுள்ள பிரஸ் ஆபரேட்டரையும் கூட்டிப் போங்கள். ‘அவருக்கு எதுக்குங்க?’ என்று ஹெச்.ஆர். கேட்பார். மெஷினை ஏமாற்றும் வழியெல்லாம் அவருக்குத்தான் தெரியும் என்று சொல்லுங்கள். திரும்பி வந்த அந்த ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போய், வகுப்பில் பயிற்சிக்கு அதையே போடச் சொல்லுங்கள். வாடிக்கையாளருக்கு எப்படியும் மறுபடி எழுதி அனுப்பத்தானே வேண்டும்.